சத்தம் போட்டா அபராதம்... தப்பா மாட்டினா ஆபத்து! சைலன்சர் மாத்தப் போறவங்க உஷார்

சென்னை:

பைக்கில் 'டமார்... டமார்...' என்று வெடி வெடித்துக்கொண்டு பறக்கும் வாலிபர்களை போலீசார் மடக்கிப் பிடிப்பது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சியை டி.வி.யில் பார்த்து 'சபாஷ்' போட்டவர்கள் ஏராளம். ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் 2023-ம் ஆண்டு இப்படி நூற்றுக்கணக்கான சைலன்சர்கள் நசுங்கின.

ஆனால், இந்த வலையில் இன்னொரு தரப்பும் சிக்குகிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவர், பால் பாக்கெட் போடுகிறவர், சாப்பாடு டெலிவரி செய்கிறவர், மீன் கூடையைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புகிறவர். இவர்கள் வண்டியும் சத்தம் போடுகிறது. ஸ்டைலுக்காக இல்லை. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஓட்டையை அடைக்க டின் தகடு, தொங்குகிற பைப்பைக் கட்ட கட்டுக்கம்பி. அதுவும் தாங்கவில்லை என்றால் கிடைத்த விலைக்கு ஒரு டூப்ளிகேட் சைலன்சர். இப்படி ஓட்டுகிற வண்டிகள் எத்தனையோ. 'சைலன்சர்தானே... ரெண்டு போல்ட்டு வேலை' என்ற அலட்சியம்தான் இதற்குக் காரணம். அந்த ரெண்டு போல்ட்டு வேலையில் கோட்டை விட்டால் காலும் வேகும், பிரேக்கும் மாட்டும், மைலேஜும் போகும். அதற்கு மேல் அபராதம் வேறு.

சட்டம் என்ன சொல்லுது?

வண்டிக்கு சைலன்சர் இருக்க வேண்டும், அது சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 120-வது விதி சொல்கிறது. சைலன்சர் இல்லாமல் ஓட்டுவதற்கோ, உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டை உருவி எடுத்துவிட்டு ஓட்டுவதற்கோ சட்டத்தில் இடமே கிடையாது.

எவ்வளவு சத்தம் வரலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2005 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த வரம்புப்படி, 80 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 75 டெசிபல். 80-க்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல். அதற்கு மேல் 80 டெசிபல். இது கம்பெனியில் இருந்து வண்டி வெளியே வரும்போது இருக்க வேண்டிய அளவு.

டெசிபல் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். 77 இருக்க வேண்டிய வண்டி 97 ஆகிவிட்டால், 'இருபதுதானே கூடியிருக்கு' என்று தோன்றும். ஆனால் ஒலியின் ஆற்றல் 100 மடங்கு கூடியிருக்கும். காதுக்கு ஏறத்தாழ 4 மடங்கு சத்தமாகக் கேட்கும். தூளியில் தூங்குகிற குழந்தை திடுக்கிட்டு எழுவதும், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளி பதறுவதும் இதனால்தான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் தாண்டக்கூடாது என்பது 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி.

தண்டனை என்ன? இதில் ரெண்டு பிரிவுகள் முக்கியம்.

ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4). 2019-ல் வந்த திருத்தத்தில் சேர்த்தது. அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது ரெண்டும்.

இன்னொன்று, பிரிவு 190(2). சத்தம், புகை தொடர்பான வரம்பை மீறி ஓட்டினால், முதல் தடவைக்கே 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது ரெண்டும். லைசென்ஸ் 3 மாதத்துக்கு செல்லாமல் போகவும் வழி இருக்கிறது. ரோட்டிலேயே கட்டி முடிக்கிற தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இங்கேதான் ஏழை வண்டிக்காரருக்கு சிக்கல். 'நான் எதையும் மாத்தலை சார்... துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு' என்று சொன்னால், முதல் பிரிவில் இருந்து ஒருவேளை தப்பிக்கலாம். இரண்டாவது பிரிவு காரணம் கேட்பதில்லை. சத்தம் வந்தால் வந்ததுதான்.

கோர்ட்டுகளும் இந்த விஷயத்தில் கண்டிப்பு காட்டுகின்றன. 2021 ஜூலையில் அலகாபாத் ஐகோர்ட்டின் லக்னோ கிளை, மாற்றியமைத்த சைலன்சர் சத்தம் பற்றி தானாக முன்வந்து வழக்கு எடுத்து, நடவடிக்கை எடுக்க அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன்பே 2019 ஜனவரியில், கம்பெனி கொடுத்த வடிவத்தை மீறி வண்டியை மாற்ற முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேரள வழக்கில் சொல்லிவிட்டது.

அதே மாடலுக்கு கம்பெனி குறிப்பிட்ட அதே சைலன்சரை வாங்கி மாட்டுவது பழுது பார்க்கும் வேலை. அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஏன் ஓட்டை விழுது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், புகையோடு சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் முனையில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவது இதனால்தான்.

வண்டி நீண்ட தூரம் ஓடினால் பைப் நன்றாகச் சூடாகி, இந்த ஈரம் காய்ந்துவிடும். தெரு முனைக் கடைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் எடுத்துப்போகிற வண்டியில் பைப் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, உள்பக்கமாகத் துருப்பிடிக்கிறது. வெளியே குரோம் பளபளவென்று மின்னும். உள்ளே தகடு அப்பளமாக இருக்கும்!

கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளியில் இருந்து அரிக்கிறது. மழை வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் மூழ்கிய டூவீலர்கள் கணக்கில் அடங்காது. அப்படி மூழ்கிய வண்டியின் சைலன்சருக்குள் சேறும் தண்ணீரும் தங்கினால் ஆயுள் பாதியாகிவிடும்.

சில மாடல்களில் சைலன்சரின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் வடிவதற்காக கம்பெனியே போட்டது. அதை 'லீக்' என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

மலிவு விலை... அப்புறம் செலவு!

சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய பாகங்கள் கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் புதுசு கிடைக்கும். ஒரிஜினல் விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறவர்களிடம், 'அண்ணே, இதே மாதிரிதான்... பாதி விலை' என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள்.

பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் உள்ளே. தகடு மெல்லிசாக இருக்கும். உள்ளே அறை அறையாகத் தடுத்து சத்தத்தை விழுங்குகிற அமைப்பு அரைகுறையாக இருக்கும். போல்ட் துளை கால் அங்குலம் தள்ளி இருக்கும். அந்தக் கால் அங்குலம்தான் வினை!

துளை சரியாக வராததால், பைப்பை முழங்காலால் அழுத்திப் பிடித்து, ஸ்பேனரால் நெம்பி, எப்படியோ போல்ட்டைப் புகுத்திவிடுவார்கள். அப்படி மாட்டிய பைப் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும். ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த முறுக்கு இன்ஜின் ஹெட்டில் உள்ள ஸ்டட்டை இழுக்கும். சில மாதத்தில் பெண்ட் பைப் விரிசல் விடும். அல்லது ஸ்டட் முறியும்.

ஸ்டட் முறிந்தால் செலவு எகிறும். இன்ஜின் ஹெட் அலுமினியம். அதற்குள் முறிந்த இரும்பைத் துளைத்து எடுத்து, புதுசாக மரை போட வேண்டும். லேத் பட்டறைக்குப் போகும் வேலை. வண்டி ரெண்டு நாள் நின்றால் டெலிவரிக்காரருக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. பைப்பில் மிச்சம் பிடித்த பணம் இதிலேயே கரைந்துவிடும்.

கையில் காசு குறைவு என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அதே மாடலின் பழைய ஒரிஜினல் சைலன்சர் நல்ல நிலையில் கிடைத்தால், அது புது டூப்ளிகேட்டை விட மேல். வாங்கும்போது கையால் தட்டிப் பார்க்க வேண்டும். 'கணீர்' என்று கேட்டால் தகடு நல்லா இருக்கிறது. 'சொத சொத' என்றால் துரு. குலுக்கினால் உள்ளே 'கட கட' என்றால் தடுப்புத் தகடு உடைந்திருக்கிறது. அடிப்பக்கத்தையும், பிராக்கெட் ஒட்டியிருக்கும் இடத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மாடல் ஒன்றாக இருந்தால் போதாது, தயாரித்த வருடமும் ஒத்துப்போக வேண்டும். பழைய வண்டியின் பைப்பை புது வண்டியில் மாட்டினால் சென்சாருக்கு இடம் இருக்காது.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. அது கேஸ்கெட். இன்ஜினும் பைப்பும் சேரும் வாயில் இருக்கும் வளையம். சைலன்சரைக் கழற்றினாலே புது கேஸ்கெட் போட வேண்டும். பழசு ஏற்கனவே நசுங்கி அந்த இடத்துக்குப் பழகிவிட்டது. மறுபடி போட்டால் இடைவெளி வழியாகப் புகை கசியும்.

மாட்டும் முறை இதுதான்

வேலை தெரிந்தவர்கள் செய்யும் வரிசை இது. வீட்டில் தானே செய்கிறவர்களும், மெக்கானிக் ஷாப்பில் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1. இன்ஜின் முழுசா ஆறட்டும். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பைப், இன்ஜின் பக்கம் 200 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். ராத்திரி நிறுத்தி காலையில் கை வைப்பது உத்தமம்.

2. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் போல்ட்டை நெம்பினால் வண்டி மேலேயே சாயும்.

3. துரு இளகட்டும். முன்பக்க நட்டுகளில் துரு நீக்கும் ஸ்ப்ரேயை முந்தின நாளே அடித்து ஊறவிட வேண்டும். வண்டி சூடாக இருக்கும்போது அடிக்கக் கூடாது. தீப்பிடிக்கும். நட்டு வரவில்லை என்றால் முரட்டுத்தனமாகத் திருகாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டும்.

4. முன்பக்கம் முதலில், பின்பக்கம் கடைசியில். பின் போல்ட்டை முதலில் கழற்றினால் மொத்த பைப்பும் முன்பக்க ஸ்டட்டில் தொங்கும். பைப்புக்கு அடியில் ஒரு கட்டையோ, இன்னொருவர் கையோ தாங்கலாக இருக்க வேண்டும்.

5. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கணும். கரி பிடித்துப் போய், ஹெட்டோடு ஒட்டியே இருக்கும். இல்லை என்று நினைத்து அதற்கு மேலேயே புதுசை வைத்துவிடுவார்கள். ரெண்டு கேஸ்கெட் இருந்தால் பைப் சரியாக உட்காராது.

6. எல்லாத்தையும் கையால மாட்டணும். முன் நட்டு, கிளாம்ப், பின் போல்ட் எல்லாம் கையால் திருகும் அளவுக்கு மட்டும். பைப் தானாகத் தன் இடத்தில் உட்கார வேண்டும். நெம்பித்தான் உட்காருகிறது என்றால் அது அந்த வண்டிக்கான பைப் இல்லை. கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

7. முன் நட்டுகளை மாறி மாறி இறுக்கணும். இதில் அரை சுற்று, அதில் அரை சுற்று. ஒரே பக்கம் முழுசாக இறுக்கினால் கேஸ்கெட் கோணலாக நசுங்கும். முன்பக்கம் முடிந்த பிறகு கிளாம்ப், கடைசியில் பின் போல்ட். நீளமான பைப்பைச் செருகி ஸ்பேனரை இழுத்தால் மரை போய்விடும்.

8. ரப்பர் புஷ், வாஷர், ஹீட் கவர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. 'ஒரு வாஷர் கூடுதலா இருக்கு' என்று தூக்கிப் போட்டால் அதிர்வில் போல்ட் தானாகக் கழலும். ஹீட் கவர் இல்லாமல் ஓட்டினால் பின்னால் உட்காருகிற குழந்தையின் காலுக்கு யார் பதில் சொல்வது?

9. பிரேக்கை மிதிச்சுப் பார்க்கணும். வலது பக்கம் சைலன்சரும் பின் பிரேக் மிதியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பைப் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் மிதி முழுசாக இறங்காது. பிரேக் மிதி, கிக்கர், சென்டர் ஸ்டாண்டு, பின் டயர், வயர், பிரேக் டியூப் எதிலும் பைப் உரசக் கூடாது. சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டு வந்து முட்டி நிற்கும் ரப்பர், சைலன்சரில்தான் இருக்கும். டூப்ளிகேட்டில் அது இருக்காது.

10. துடைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணணும். கை எண்ணெய், கிரீஸ், ஸ்ப்ரே எல்லாவற்றையும் துணியால் துடைக்க வேண்டும். பிறகு திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் சில நிமிடம் லேசாகப் புகைவது சகஜம்.

லீக் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. வண்டி ஆறியிருக்கும்போது இணைப்பு இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தடவி, ஸ்டார்ட் செய்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். 'சர்... சர்...' என்று காற்று அடிக்கும் சத்தமும் காட்டிக் கொடுக்கும். பைப்பைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

வேலை அதோடு முடியவில்லை. 50, 100 கிலோ மீட்டர் ஓடியதும் கேஸ்கெட் சூட்டில் இன்னும் கொஞ்சம் அழுந்தியிருக்கும். வண்டி ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுத்தான், 'போன மாசம்தானே மாத்தினேன், மறுபடி ஆடுதே' என்று பலர் திரும்பி வருகிறார்கள்.

பி.எஸ்.6 வண்டியா? தனி கவனம்!

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகள் பி.எஸ்.6 ரகம். இவற்றில் சைலன்சர் வெறும் பைப் இல்லை. புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளே இருக்கிறது. பைப்பின் முன்பகுதியில், ஆக்சிஜன் அளவைப் பார்த்து இன்ஜினுக்குச் சேதி சொல்லும் சென்சார் இருக்கிறது.

கேஸ்கெட் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் சென்சார் ஏமாந்துவிடும். 'பெட்ரோல் பத்தவில்லை' என்று தப்பாகச் சேதி போகும். இன்ஜின் கூடுதலாக பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் விழும். கூடுதல் பெட்ரோல் பைப்புக்குள் எரிந்து கன்வெர்ட்டரையும் காலி பண்ணும். ரெண்டு கேஸ்கெட் காசு மிச்சம் பண்ணப் போய், தினமும் பெட்ரோல் பங்க்கில் அதைக் கட்ட வேண்டி வரும்.

சென்சார் வயரின் கிளிப்பை முதலில் கழற்றிவிட்டுத்தான் பைப்பை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயர் அறுந்துவிடும். கன்வெர்ட்டரை உருவி எடுத்துவிட்டு வெறும் பைப்பை மாட்டினால் புகைப் பரிசோதனை சான்றிதழ் வாங்குவதும் கஷ்டம். விபத்து நடந்து இன்சூரன்சில் வண்டிக்குப் பணம் கேட்கும்போது, 'வண்டியை மாத்தியிருக்கீங்க' என்று கிளெய்மில் சிக்கல் வரவும் வாய்ப்பு இருக்கிறது.

பழசை எடைக்குப் போடாதீங்க!

கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் கொஞ்சமாகப் பூசப்பட்டிருக்கும். கார், வேன் சைலன்சர்களை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக் கொண்டு போகும் திருட்டுக் கும்பல்கள் நாட்டின் பல பகுதிகளில் பிடிபட்டதற்குக் காரணம் இதுதான்.

அதனால் பழைய பி.எஸ்.6 சைலன்சரை மெக்கானிக் ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருவதும், இரும்பு விலைக்கு எடைக்குப் போடுவதும் நஷ்டம். கேட்டு வாங்கிக்கொண்டு, நாலு இடத்தில் விலை விசாரித்த பிறகு கொடுக்கலாம்.

வெல்டிங் வைக்கலாமா?

சின்ன விரிசலுக்கும், பிராக்கெட் உடைந்ததற்கும் வெல்டிங் வைப்பது தப்பில்லை. ஆனால் பைப் வண்டியில் இருக்கும்போதே வைப்பதுதான் ஆபத்து. மேலே பெட்ரோல் டேங்க், பக்கத்தில் பெட்ரோல் டியூப். ஒரு பொறி போதும்! புது வண்டிகளில் வெல்டிங் கரண்ட், கம்ப்யூட்டர் பெட்டியையும் சுட்டுவிடலாம். பைப்பைத் தனியாகக் கழற்றிக் கொண்டு போய்த்தான் வைக்க வேண்டும்.

தகடு முழுக்க துரு என்றால் வெல்டிங் நிற்காது. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழும். கட்டுக்கம்பி வைத்துக் கட்டியிருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஓடும்போது பைப்பின் முன்பக்கம் கழன்று தரையில் குத்தினால் வண்டி தூக்கி அடிக்கும். பைப் மொத்தமாக விழுந்தால் பின்னால் வருகிறவர் சக்கரத்தில் சிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஷட்டர் போட்ட ஷாப்பிலும், மூடிய வராந்தாவிலும் வண்டியை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும்.

சுட்டுட்டா என்ன செய்யணும்?

சைலன்சர் சூடு வாங்காத கெண்டைக்கால் நம்ம ஊரில் குறைவு. சுட்டதும் பேஸ்ட், இங்க், மாவு என்று கைக்குக் கிடைத்ததைத் தடவுவது பழக்கமாகிவிட்டது. அது தப்பு. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் சுட்ட இடத்தில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் காட்ட வேண்டும். குழந்தைக்குச் சுட்டாலோ, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சுட்டாலோ தாமதமே கூடாது.

யாரைப் பிடிக்கணும்?

சத்தம் போடும் சைலன்சருக்கு எதிரான நடவடிக்கை தேவைதான். அதில் ரெண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பிடிபடுவது எப்போதும் ரோட்டில் போகிறவர்தான். தரமில்லாத பைப்பைச் செய்தவரும், 'ரேசுக்கு மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி விற்றவரும், தெரிந்தே மாட்டிக் கொடுத்தவரும் கடைக்குள் நிம்மதியாக இருக்கிறார்கள். ரோலர் ஏற்றி நசுக்கிய சைலன்சருக்குப் பதிலாக மறுநாளே அதே கடையில் இன்னொன்று விற்பனைக்கு நிற்கிறது. வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகிற கதைதான்!

வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிற வண்டிக்கும், துருப்பிடித்து ஓட்டையான வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஒன்றில் பைப் பளபளப்பாக இருக்கும். இன்னொன்றில் கட்டுக்கம்பி இருக்கும். முதலாவதை விடக் கூடாது. இரண்டாவதுக்கு, 'ஒரு வாரத்துக்குள்ள சரி பண்ணிட்டு ஸ்டேஷன்ல வந்து காட்டு' என்று அவகாசம் கொடுத்தால், அபராதம் கட்டும் பணத்தில் அவர் நல்ல பைப்பாகவே வாங்கி மாட்டிவிடுவார். சத்தம் குறைய வேண்டும் என்பதுதானே நோக்கம்?

அந்த அவகாசம் கிடைக்கிறதோ இல்லையோ, வண்டிக்காரர் கையில் இருக்கிற வேலையும் ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் வண்டியை எடுக்கும் முன், ஆறிய பைப்பைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். ஆடினால் நட்டு. கருப்பாகக் கரி படிந்திருந்தால் கேஸ்கெட். விரல் அழுந்தினால் துரு. அரை நிமிட வேலை. அந்த நேரத்திலேயே தெரிந்துவிட்டால் கேஸ்கெட் காசோடு போய்விடும். விட்டுவிட்டால் பைப் காசு, ஸ்டட் காசு, அபராதக் காசு என்று மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்.